வைகாசி பாதி போயும் ஏரியில் நிற்கும் உள்ளான்கள்: உடம்பு சரியில்லையா?

ஏரிக்கரைக் கணக்கு
ஜூன் 1, இரவு 9.40

வணக்கம். ஒரு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள், இன்றுதான் முதல் முறையாகக் கேட்கிறேன். கேள்வி என்னுடையது இல்லை, எங்கள் நைனாவுடையது. ஆரம்பாக்கத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பேச்சு தமிழ்தான், ஆனால் ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் சில வார்த்தைகள் இப்படி ஒட்டிக்கொண்டன.

நைனாவுக்கு 71 வயது. முப்பது வருடத்துக்கு மேல் சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு பழவேற்காட்டு ஏரியின் மேற்குக் கரை முழுக்கச் சுற்றியவர். விடியற்காலையில் சுண்ணாம்புக்குளம் பக்கம் இறால் வாங்குவார், வெயில் ஏறுவதற்குள் கும்மிடிப்பூண்டியிலோ சூலூர்பேட்டையிலோ விற்றுவிடுவார். எந்த மாதத்தில் தண்ணீர் எதுவரை நிற்கும், எங்கே கால் புதையும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கடைசி ஏழெட்டு வருடமாகக் கண்ணில் புரை வளர்ந்ததால் கரைக்குப் போவதையே விட்டுவிட்டார். இந்த மாசியில் இரண்டாவது கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்தது. பங்குனிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஏரிக்கு இட்டுக்கினு போம்மா" என்றார்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறுவதில்லை. நான் தடாவில் ஒரு கேன்டீனில் கணக்கு எழுதுகிறேன். கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவர் பழைய பைனாகுலர் ஒன்றைக் கொடுத்தார். நைனா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முதல் நாள் பத்து நிமிடம் பேசவே இல்லை. தூரத்தில் பூநாரைகள் வெள்ளைக் கோடு போட்ட மாதிரி நின்றன. கரையோரச் சேறு முழுக்கச் சின்னதும் பெரியதுமாக உள்ளான்கள், வருடா வருடம் வடக்கிலிருந்து வந்து கோடையில் திரும்பிப் போகும் கரைப்பறவைகள். சில செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தன. "சாயம் ஏறிடுச்சு, கிளம்பப் போவுது" என்றார். அவர் சொன்னபடியே சித்திரை நடுவில் பாதி காலி. அக்னி நட்சத்திரம் முடியும்போது கரை வெறிச்சென்று ஆகிவிட்டது.

ஆனால் எல்லாம் போகவில்லை. நேற்றும் போனோம். காலை ஆறேகாலுக்கு எண்ணினோம். நைனா எண்ணச் சொல்ல, நான் நோட்டில் எழுதினேன்:

மைனாவைவிடக் கொஞ்சம் பெரியது, சிவந்த கால், மூக்கின் அடிப்பாகமும் சிவப்பு, பறந்தால் சிறகின் பின்னோரம் வெள்ளை: 23.
கோழி அளவு, கீழே வளைந்த நீளமான மூக்கு: 4.
கறுப்பு வெள்ளை, குச்சி போன்ற ரோஸ் கால், நாயைப் பார்த்தால் கத்திக்கொண்டு தலைக்கு மேலேயே சுற்றுவது: 16.
குருவி அளவு, ஓடி ஓடிக் கொத்துவது: 30-க்கு மேல். சரியாக எண்ண முடியவில்லை.

சைக்கிளில் திரிந்த காலத்திலும் வெயில் நாளில் ஒன்றிரண்டைப் பார்த்திருக்கிறாராம், வியாபார அவசரத்தில் யோசித்ததில்லையாம். இப்போது யோசிக்கிறார். "ஒடம்பு முடியாததை எல்லாம் விட்டுட்டுக் கூட்டம் போயிடுச்சு போல" என்கிறார். சாப்பிட உட்கார்ந்தாலும் இதே பேச்சு. வனத்துறைக்குச் சொல்ல வேண்டுமா என்று நேற்றிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டார்.

இவை நோயில் நிற்கின்றனவா? இந்த வெயிலில் பிழைக்குமா? நாங்கள் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா? தடாவில் தெலுங்குக்காரர்களைக் கேட்டால் எல்லாவற்றையும் "உல்லங்கி பிட்ட" என்று ஒரே பெயரில் முடித்துவிடுகிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நைனாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.


சேற்றுத்தடம்
ஜூன் 2, காலை 5.55

அம்மா, முதலில் நைனாவிடம் இதைச் சொல்லுங்கள்: அவை நோயாளிகள் இல்லை. பெரும்பாலானவை பிள்ளைகள். போன வருடம் ஜூன், ஜூலையில் பொரித்தவை. இன்னும் ஒரு வயது நிறையாதவை.

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருக்கிறேன். கும்மிடிப்பூண்டிக்கும் கூடூருக்கும் நடுவில்தான் இருபத்திரண்டு வருடமாக வேலை. ஓய்வு நாளில் ஏரி. உங்கள் நைனா கேட்ட அதே கேள்வியை நானும் ஒரு மே மாதம் சூலூர்பேட்டை–ஸ்ரீஹரிகோட்டா சாலையோரத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கணக்கில் மூன்றாவது வரியைத் தனியாக எடுத்து வையுங்கள். அது நெடுங்கால் உள்ளான். பெயர் உள்ளானே தவிர, அந்தக் குடும்பத்துப் பறவை இல்லை. உள்ளான், கோட்டான், மூக்கன், பச்சைக்காலி, பவளக்காலி, கல்திருப்பி எல்லாம் ஒரு குடும்பம். நெடுங்கால் உள்ளானும் கோணமூக்கு உள்ளானும் பக்கத்து வீடு. நம் ஊர் ஆட்காட்டியும் உப்புக்கொத்திகளும் இன்னொரு பக்கத்து வீடு. நெடுங்கால் உள்ளான் இங்கேயே முட்டையிடும். நாயைக் கண்டு தலைக்கு மேலே சுற்றுகிறது என்றால் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று அர்த்தம். வெறும் மண்ணில் நான்கு முட்டை இடும். இந்த வெயிலில் அந்த முட்டை வெந்துவிடாமல் இருக்க, வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து உட்காரும். ஆணும் பெண்ணும் மாறி மாறிச் செய்யும். நீங்கள் பக்கத்தில் நிற்கும் நேரமெல்லாம் முட்டை வெயிலில் கிடக்கும். அதனால் அந்த இடத்தை மட்டும் தள்ளிப் போங்கள்.

குருவி அளவுள்ளவற்றை இரண்டாகப் பிரிக்க வேண்டும். நாலடி ஓடி, டக்கென்று நின்று, ஒரு கொத்து கொத்தி மறுபடி ஓடினால் உப்புக்கொத்தி. மூக்கு குட்டையாக இருக்கும். அப்படி இல்லாமல் தலையைத் தூக்காமல், அம்மி கொத்துகிறவர் உளி போலக் குத்திக்கொண்டே நகர்ந்தால் கொசு உள்ளான். உப்புக்கொத்திகளில் இங்கேயே கூடு வைப்பவையும் உண்டு. கொசு உள்ளான் ரஷ்யாவின் வடகோடியில், பனி உருகும் தரையில்தான் முட்டையிடும். எடை 20 முதல் 30 கிராம்தான். அடுத்த முறை நைனாவிடம் பைனாகுலரைக் கொடுத்து, "நிற்கிறதா, நிற்காமல் குத்துகிறதா" என்று மட்டும் கேளுங்கள்.

இனி சிவந்த காலும் வளைந்த மூக்கும். சிவந்த கால் பவளக்காலி. அதில் சந்தேகமே வேண்டாம், சிறகின் பின்னோர வெள்ளை அதற்கு முத்திரை. அது மத்திய ஆசியாவிலும் திபெத்திலும் நம் லடாக்கிலும் முட்டையிடுகிறது. வளைந்த மூக்குக்காரர் கோட்டான். கோட்டான் என்றதும் நைனா ஆந்தையை நினைத்துக்கொள்ளப் போகிறார். பறவை பார்ப்பவர்கள் இந்தக் கரைப்பறவைக்கும் அதே பெயரை வைத்திருக்கிறார்கள். உச்சந்தலையில் கறுத்த பட்டையும் நடுவில் வெளிர்க் கோடும் இருந்தால் சின்னக் கோட்டான். தலை ஒரே மாதிரியாக, மூக்கு தலையைப் போல மூன்று பங்கு நீளமாக இருந்தால் பெரிய கோட்டான்.

இவை ஏன் நிற்கின்றன? வடக்கே ஜூன் மாதம் முட்டை பொரியும். குஞ்சு ஈரம் காய்ந்த அன்றே எழுந்து நடந்து தானே இரை தேடும். தாய் ஊட்டுவது கிடையாது. பல இனங்களில் பெற்றோரில் ஒருவர் முன்னாலேயே கிளம்பிவிடுவார், இன்னொருவர் குஞ்சு பறக்கிற வரை காவல் இருந்துவிட்டுக் கிளம்புவார். பிள்ளைகள் இன்னும் சில வாரம் தின்று கொழுத்து, வழிகாட்ட யாரும் இல்லாமல் புறப்படும். 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து ஒரு பட்டைவால் மூக்கன் கிளம்பியது. ஐந்து மாத வயது. உடம்பில் செயற்கைக்கோள் கருவி பொருத்தியிருந்தார்கள். 11 நாள் எங்கேயும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது. மூக்கன், பவளக்காலிக்கும் கோட்டானுக்கும் சித்தப்பா பெரியப்பா பிள்ளை மாதிரி. நைனா எண்ணிய 23-ம் அவ்வளவு தூரம் வந்திருக்காது. ஆனால் அவையும் இப்படித்தான், தெரியாத ஊருக்குத் தாமாகவே வந்து சேர்ந்திருக்கும்.

இங்கே வந்து ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எல்லாம் சேற்றில் மேய்ந்தாயிற்று. பங்குனியில் பெரியவற்றுக்குச் சாயம் ஏறுகிறது, நைனா பார்த்தது அதைத்தான். தோலுக்கு அடியில் கொழுப்பும் ஏறுகிறது. ஒரு வயது ஆகாத பிள்ளைகளில் பலவற்றுக்கு இரண்டும் ஏறாது. முட்டையிடும் வயது வரவில்லை. பெரிய கோட்டான் இரண்டு வயதுக்கு முன்னால் முட்டையிடுவது அரிது. அங்கே போய் என்ன செய்யும்? அதோடு இன்னொன்று. பெரியவை நம் ஏரியில் இருக்கும்போதே பழைய சிறகை உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொள்ளும். இளசுகளில் பலவற்றுக்குக் குஞ்சுப் பருவத்தில் முளைத்த அதே சிறகுதான். வரும்போதே தேய்ந்த டயர். அந்தச் சிறகை நம்பி மறுபடி இமயமலையைத் தாண்டுவதைவிட, ஒரு கோடையை இங்கேயே கழித்துவிட்டு, புதுச் சிறகு முளைத்து, அடுத்த வருடம் போவது பிழைக்கிற வழி. இது விட்டுவிட்டுப் போனது இல்லை அம்மா, இருந்துகொள்வது.

நைனா நேரிலேயே சரிபார்க்கலாம். நிறத்தைப் பாருங்கள். முதுகு வெளுத்துச் சாம்பலாக, இறகோரம் நைந்து பிசிறாக இருந்தால் பிள்ளை. பவளக்காலியில் மார்பு முழுக்கக் கரும்புள்ளி அடர்ந்திருந்தால் அது சாயம் ஏறிய பறவை. உடம்பு சரியில்லாதது நிற்கும் விதமே வேறு. சிறகு ஒரு பக்கம் தொங்கும், ஆள் பக்கத்தில் போனாலும் எழும்பாது, கழுத்து தளர்ந்து மூக்கு சேற்றில் படும். அப்படி ஒன்றைப் பார்த்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஒற்றைக் காலில் நின்றால் பயப்பட வேண்டாம், அது தூங்குகிறது.

வெயிலைப் பற்றி: அவை காலைத் தண்ணீரில் வைத்து நிற்கும், வாயைத் திறந்து மூச்சு விடும், இரை தேடுவதை விடியலுக்கும் இரவுக்கும் தள்ளிக்கொள்ளும். இருட்டில் தேட அவற்றுக்குக் கண் தேவையில்லை. அது பெரிய கதை, வேறொரு நாள்.

"உல்லங்கி"யும் "உள்ளான்" மாதிரியே காதில் விழுகிறது பாருங்கள். ஒரே ஏரி, இரண்டு கரை. இதை நினைத்தால் எனக்கு எப்போதும் சந்தோஷம்.


பாடுவலை
ஜூன் 2, பிற்பகல் 2.10

சேற்றுத்தடம் அண்ணன் சொன்னது சரி. நான் பழவேற்காடு. வயது மட்டும் காரணம் இல்லை, இடமும் காரணம் என்று ஒன்று சேர்க்கிறேன்.

எல்லாக் கோடையிலும் ஒரே அளவு நிற்பதில்லை. கடல் முகத்துவாரம் திறந்திருக்கிற வருடம் தண்ணீர் ஏறி இறங்கும், ஒவ்வொரு நாளும் புதுச் சேறு வெளியே வரும், புழு கிடைக்கும், உள்ளான் நிற்கும். மணல் மேடிட்டு வாய் அடைத்துக்கொண்ட வருடம் ஏரி அப்படியே சுண்டி உப்பாகிறது. மேற்குக் கரை பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வருடம் இறாலும் இல்லை, உள்ளானும் இல்லை. எங்கள் பாட்டில், அதாவது முறை வைத்து வலை கட்டுகிற இடத்தில், இரண்டும் சேர்ந்தே குறைவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் நைனாவை ஒன்று கேளுங்கள்: அவர் சைக்கிளில் போன காலத்தில் வாய் அடைத்த வருடங்கள் எவை என்று ஞாபகம் இருக்கிறதா? அவர் வியாபாரக் கணக்கு வைத்திருந்தால் அதிலேயே தெரியும். அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் தாத்தா உள்ளான் பிடித்தவர். கரையில் குச்சி நட்டு நைலான் கண்ணி வரிசையாகக் கட்டிவிட்டு இருட்டில் போய் எடுத்து வருவார். வீட்டில் குழம்பு வைப்போம், மிஞ்சியதை விற்போம். சின்ன வயதில் நானும் அந்தக் கறியைச் சாப்பிட்டிருக்கிறேன். 1972-லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் எங்கள் கரைக்கு அது வந்து சேர ரொம்ப நாள் ஆனது. கோட்டானிலேயே மெல்லிய மூக்குள்ள ஓர் இனம் இருந்தது. 1995-ல் மொராக்கோ நாட்டுக் கடற்கரை ஏரி ஒன்றில் கடைசியாகப் பார்த்தார்கள். அப்புறம் இல்லை. 2025 அக்டோபரில் அழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். அதன் அழிவுக்கு வேட்டையும் ஒரு காரணம், சதுப்பு நிலம் போனதும் ஒரு காரணம். அதைப் படித்த அன்று தாத்தாவின் கண்ணிக் கட்டைப் பரணிலிருந்து இறக்கி எரித்தேன். அவர்மேல் கோபம் இல்லை. பசிக்குப் பிடித்தார். ஆனால் என் பையன் அதை எடுத்து விளையாட வேண்டாம் என்று தோன்றியது.

போகாமல் நிற்கிற பிள்ளைகளைத்தான் கண்ணி முதலில் பிடிக்கும். கூட்டம் இல்லாத கோடையில், ஆள் நடமாட்டம் இல்லாத கரையில் யாராவது குச்சி நட்டிருந்தால் தயவு செய்து சொல்லுங்கள். அதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.


தோப்புக்கரை
ஜூன் 3, இரவு 8.20

நான் தெற்கே, கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரள எல்லை ஓரம், கொல்லங்கோடு. எங்கள் பக்கம் கதை வேறு மாதிரி. எங்களுக்கு ஏரிச் சேறு இல்லை, வாய்க்காலும் குளக்கரையும் வாழைத்தோப்புத் தண்ணீரும்தான். வருவது ஒன்றாகவோ இரண்டாகவோ. நின்ற இடத்தில் நிற்காமல் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும் ஓர் உள்ளான். மலையாளத்தில் அதை நீர்க்காட என்கிறார்கள். என் மாமியார் வீடு பாறசாலைப் பக்கம், அங்கே குளத்துப் படியில் வருடா வருடம் ஒன்று வரும். ஏப்ரல் கடைசியில் காணாமல் போகும். ஆடி முடிவதற்குள் அதே படியில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் மூன்று மாதம்தான். அதற்குள் காஷ்மீரோ அதற்கும் அப்பாலோ போய்க் குஞ்சு பொரித்துவிட்டு வந்துவிடுகிறது என்பதை நம்பவே எனக்கு இரண்டு வருடம் ஆனது.

கேட்க வந்தது இது: சகோதரி பார்த்த பவளக்காலிகளில் ஒன்றிரண்டு சீக்கிரமே திரும்பி வந்தவையாக இருக்க முடியாதா?


சேற்றுத்தடம்
ஜூன் 3, இரவு 10.05

ஜூன் முதல் தேதிக்கு முடியாது. அது ரொம்ப முன்னால். ஜூலைக் கடைசிக்கு நன்றாகவே முடியும். கூடு கலைந்துபோன பறவைகள்தான் முதலில் திரும்பும். அதனால்தான் நம் ஊரில் போனதும் வந்ததும் ஒன்றோடொன்று உரசிக்கொள்கிறது. ஏரி ஒரு நாளும் முழுதாகக் காலியாவதில்லை.

பாடுவலைத் தம்பி, கண்ணிக் கட்டை எரித்ததைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 2024 அக்டோபரில் 16 வலசைக் கரைப்பறவை இனங்களை முன்பைவிட ஆபத்தான பட்டியலுக்கு மாற்றினார்கள். செங்கல் சாயம் ஏறும் வளைமூக்கு உள்ளானும் அதில் ஒன்று. நைனா பங்குனியில் பார்த்த சாயம் அநேகமாக அதனுடையதாக இருக்கும்.


ஏரிக்கரைக் கணக்கு
ஜூன் 8, இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் நைனாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். "போன வருஷத்துப் புள்ளைங்க" என்று சொன்னதும் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி அத்தைக்குப் போன் போட்டு அதை அப்படியே சொன்னார்.

நேற்றைய கணக்கு: பவளக்காலி 21. அதில் நிறம் வெளுத்தவை 18. மூன்றுக்கு மார்பு முழுக்கப் புள்ளி. கோட்டான் 4. தலையில் பட்டை இல்லை, மூக்கு ரொம்பவே நீளம், பெரிய கோட்டான்தான். குருவி அளவுள்ளவற்றில் முக்கால்வாசி ஓடி நின்று ஓடுகிறவை. குத்திக்கொண்டே போனவை ஏழு. "இத்தினி நாளா எல்லாத்தையும் ஒரே ஜாதின்னு நெனச்சிட்டேனே" என்று நைனாவுக்கு ஆச்சரியம்.

நெடுங்கால் உள்ளானின் முட்டையை நாங்கள் தேடவில்லை. ஆனால் அந்தப் பக்கம் மூன்று தெருநாய்கள் வழக்கமாக வருகின்றன. பக்கத்தில் இறால் குட்டை வைத்திருப்பவரிடம் நைனா போய்ப் பேசினார். பழைய பழக்கம் இருக்கிறது. கழிவு இறாலை இனிமேல் கரையில் கொட்டாமல் குழி தோண்டிப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். இரை இல்லை என்றால் நாய் வராது என்பது நைனாவின் கணக்கு. கண்ணிக் குச்சி எதுவும் பார்க்கவில்லை.

பாடுவலை அண்ணா, வியாபார நோட்டு பதினொன்று கிடைத்தது. கரையான் அரித்தது போக மிச்சம். வாய் அடைத்த வருடங்களை நைனா நோட்டைப் பார்க்காமலே சொல்கிறார், நான் ஒத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுதி முடித்ததும் தனியாகப் பதிவிடுகிறேன்.


ஏரிக்கரைக் கணக்கு
ஆகஸ்ட் 9, இரவு 8.50

மறுபடியும் நைனாவுக்காக. ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் போனபோதே புதுக் கூட்டம் இறங்கியிருந்தது. இன்று இன்னும் அதிகம். வளைமூக்கு உள்ளான் நாற்பதாவது இருக்கும். வயிற்றில் பங்குனியில் பார்த்த அதே செங்கல் நிறம், ஆனால் திட்டுத் திட்டாக, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் மாதிரி. நடுவில் நம் பழைய பிள்ளைகள் சாம்பலாகவே நின்றன. போய் வந்தது எது, இங்கேயே இருந்தது எது என்று நைனா பிரித்துப் பிரித்துக் காட்டினார். நெடுங்கால் உள்ளானின் குஞ்சுகள் இரண்டு வளர்ந்துவிட்டன, கால் இன்னும் ரோஸ் ஆகவில்லை.

கேள்வி இது. பவளக்காலி ஒன்று எங்களுக்கு ரொம்பப் பக்கத்தில், பதினைந்தடி தூரத்தில் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தது. மூக்கை வெளியே எடுத்தபோது வாயை மூடியபடியே நுனி மட்டும் திறந்து மூடியது என்று நைனா சொல்கிறார். இடுக்கியின் நுனி மட்டும் விரிகிற மாதிரி. நான் பார்க்கவில்லை. வீட்டில் யாரும் நம்பவில்லை. ஆபரேஷன் பண்ணின கண்ணில் ஏதோ மினுக்கம் என்கிறான் என் தம்பி. அப்படி ஒன்று உண்டா?


சேற்றுத்தடம்
ஆகஸ்ட் 9, இரவு 9.30

உண்டு. நைனா பார்த்தது உண்மை.

நம் வாய் மாதிரி, தாடைக் கீலிலிருந்து முழு மூக்கும் திறக்க வேண்டும் என்றால் அது சேற்றுக்குள் இருக்கும்போது நடக்காது. சுற்றிலும் சேறு அழுத்தும், திறந்தாலும் வாய் நிறையச் சேறுதான் வரும். அதனால் இந்தக் குடும்பத்தில் மேல் மூக்கின் நுனிக்குப் பக்கத்தில் எலும்பு மெல்லியதாக வளைந்து கொடுக்கும். மண்டையோட்டின் அடியில் இருக்கும் தசை மெல்லிய எலும்புக் கம்பிகள் வழியாகத் தள்ளும்போது நுனி மட்டும் மேலே தூக்கும். புழுவை அங்கேயே, இருட்டிலேயே, இடுக்கி போலப் பிடித்து இழுக்கும். ஜூன் மாதம் இருட்டில் தேடும் கதையைப் பிறகு சொல்கிறேன் என்றேனே, அதன் மீதியும் அந்த நுனியில்தான் இருக்கிறது. நுனி எலும்பு தேன்கூடு மாதிரிக் குழி குழியாக இருக்கும். ஒவ்வொரு குழியிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள். 1998-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இந்தக் குடும்பத்து உள்ளான் ஒன்றை வைத்துக் காட்டினார்கள்: ஈர மணலில் மூக்கைக் குத்தும்போது எழும் நீர் அழுத்தம், புதைந்திருக்கும் சிப்பியில் மோதி மாறுவதை வைத்தே, தொடாமலே அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது.

எனக்கு அந்த நுனி திறப்பதைக் கண்ணால் பார்க்கப் பதினோரு வருடம் ஆனது. நான் ஸ்கோப் வைத்திருக்கிறேன். அவர் பழைய பைனாகுலரில் பார்த்திருக்கிறார்.


பாடுவலை
ஆகஸ்ட் 9, இரவு 10.10

இதைப் படித்ததும் எங்கள் கரையில் இறால் தடவும் இருளர் பெண்கள் ஞாபகம் வந்தது. பறியை வாயில் கடித்துக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்து நகர்வார்கள். கண் எங்கேயோ பார்க்கும், இரண்டு கையும் சேற்றைத் துழாவும். விரலில் பட்ட அடுத்த நொடி இறால் பறிக்குள். தண்ணீர் கலங்கியிருந்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். நைனா அவர்களிடமும் இறால் வாங்கியிருப்பார், கேட்டுப் பாருங்கள்.


ஏரிக்கரைக் கணக்கு
ஆகஸ்ட் 10, காலை 6.30

வாங்கியிருக்கிறார். இப்போதுதான் காபி குடித்துக்கொண்டே கேட்டேன். "அவங்க கை தான்மா அந்த மூக்கு" என்றார். தம்பியை எழுப்பி இரண்டு பதிலையும் படிக்க வைத்தாயிற்று.

செப்டம்பரில் இந்த வருடத்துப் பிள்ளைகள் வரும் என்றால் எந்த வாரம் என்று சேற்றுத்தடம் அண்ணா சொன்னால் நான் லீவு போட்டுக்கொள்வேன்.


சேற்றுத்தடம்
ஆகஸ்ட் 10, காலை 7.05

இரண்டாவது வாரத்திலிருந்து பாருங்கள். முதுகு இறகு ஒவ்வொன்றுக்கும் வெளிர் நிற ஓரம் தைத்த மாதிரி, மீன் செதில் அடுக்கியது போல் புத்தம் புதிதாக இருக்கும். அதுதான் பிள்ளை. ஞாயிறு என்றால் நானும் வருகிறேன், ஆரம்பாக்கத்தில் இறங்கிக்கொள்கிறேன். ஸ்கோப் கொண்டு வருகிறேன், நைனா பார்க்கட்டும்.